பிறந்த தேதியைப் பிடித்துக்கொண்டு போனால்: கனடாவின் மக்கள்தொகை வரலாற்றைப் படிக்கும் முறை

கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கில் பியேர் ஜூபேர் என்று ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி இருந்தார். 1701 ஜூலை 15-ல் பிறந்ததாகக் கத்தோலிக்கக் கோவில் பதிவேடு சொல்கிறது. 1814 நவம்பர் 16-ல் பியேர் ஜூபேர் இறந்ததாகவும் பதிவேடு சொல்கிறது. கழித்துப் பார்த்தால் 113 வயதும் 124 நாளும் வருகிறது. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை முன்னின்று நடத்திய ஜோசப்-ஷார்ல் தாஷே, நூறு வயது தாண்டியதாகச் சொல்லப்பட்டவர்களை ஒவ்வொருவராகச் சோதித்தார். 82 பேருக்குத்தான் ஆவணம் கிடைத்தது. அவர்களில் 9 பேருக்கு மட்டுமே நூறு வயது உறுதியானது. அந்த 9 பேரில் ஒருவர் ஜூபேர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை உலகச் சாதனைப் பட்டியல்களிலும் அவர் பெயர் இருந்தது.

1990-ல் உபேர் ஷார்போனோ என்ற மக்கள்தொகை ஆய்வாளர் அந்தக் குடும்பத்தின் எல்லாப் பதிவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். 1701-ல் பிறந்த பியேர் 1766-ல், 65 வயதில் இறந்துவிட்டிருந்தார். 1814-ல் இறந்தவர் அவருடைய மகன். அதே பெயர், வயது 82.

பிறந்த தேதி சரி, இறந்த தேதியும் சரி. இரண்டுக்கும் நடுவில் போட்ட முடிச்சுதான் தவறு. மக்கள்தொகை வரலாறு என்ற துறை முழுவதும் இந்த முடிச்சைச் சரியாகப் போடும் வேலைதான். ஒரு பிறந்த தேதி தனியாக நின்றால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதே ஆளின் திருமணத் தேதியோடும், பிள்ளைகள் பிறந்த தேதிகளோடும், அடக்கத் தேதியோடும் பிணைத்தால், ஒரு சமூகம் எப்படிப் பெருகியது, எப்போது செத்தது, எங்கே நகர்ந்தது என்பதெல்லாம் வரிசையாக வெளிவரும். இந்தப் பிணைப்பை உலகில் மிக விரிவாகச் செய்ய முடிந்த இடங்களில் கியூபெக் முன்வரிசையில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

கோவில் பதிவேடு அரசுப் பதிவேடாக இருந்த கதை

கியூபெக் பகுதியில் நிலையான பிரெஞ்சுக் குடியேற்றம் 1608-ல் கியூபெக் நகரத்தோடு தொடங்கியது. 1621 முதல் அங்கே ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார்கள் எழுதி வைத்தார்கள். 1640-ல் கோவில் தீப்பிடித்து அந்த முதல் பதிவேடுகள் எரிந்துபோயின. பிறகு நினைவிலிருந்து திரும்ப எழுதினார்கள். ஆகவே 1640-க்கு முந்தைய கியூபெக் தேதி எதைப் பார்த்தாலும், அது சம்பவம் நடந்த அன்று எழுதியது இல்லை, ஆண்டுகள் கழித்து மனத்திலிருந்து எடுத்தது என்பதை மறக்கக்கூடாது. அப்போது அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் சில நூறு பேர்தான் என்பதால் நினைவு ஓரளவு கைகொடுத்தது.

1667-ல் பிரெஞ்சு மன்னரின் ஆணை ஒன்று ஒவ்வொரு பதிவேட்டையும் இரண்டு படியாக வைக்கச் சொன்னது. ஒரு படி பங்குக் கோவிலில் இருக்கும் (பங்கு என்றால் ஒரு கோவிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி), இன்னொன்று நீதிமன்றத்துக்குப் போகும். கனடாவில் இது சில ஆண்டுகள் தள்ளி நடைமுறைக்கு வந்தது. இந்த ஒரு ஏற்பாடுதான் கியூபெக்கைக் காப்பாற்றியது. ஒரு கோவில் எரிந்தாலும் இன்னொரு படி எங்கோ பத்திரமாக இருக்கும். 1760-க்குப் பிறகு ஆட்சி ஆங்கிலேயரிடம் போனபோதும் முறை மாறவில்லை. கியூபெக்கில் 1993 முடியும்வரை கோவில் பதிவே சட்டப்படி பிறப்புப் பதிவாகச் செல்லுபடியானது. 1994 ஜனவரி 1 முதல்தான் தனி அரசு அலுவலகம் அந்த வேலையை முழுமையாக எடுத்துக்கொண்டது.

ஒரு ஞானஸ்நானப் பதிவைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்

பதிவேட்டில் அட்டவணை இருக்காது; ஒரு பத்தியாக ஓடும் வாக்கியம்தான் இருக்கும். இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாள், கீழே கையெழுத்திடும் குருவானவர் இன்ன பெயருள்ள பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன், "நேற்றுப் பிறந்தது", தகப்பன் இன்னார், தாய் இன்னார், சட்டப்படி மணந்தவர்கள், ஞானத்தந்தை இன்னார், ஞானத்தாய் இன்னார், கையெழுத்துப் போடத் தெரியாது என்றார்கள். இவ்வளவுதான்.

முதலில் கவனிக்க வேண்டியது, தலைப்பில் உள்ள தேதி ஞானஸ்நானத் தேதி. பிறந்த தேதி உள்ளே "இன்று பிறந்தது", "நேற்றுப் பிறந்தது", "போன இரவு பிறந்தது" என்று ஒளிந்திருக்கும். குழந்தை ஞானஸ்நானம் பெறாமல் செத்துவிடக் கூடாது என்ற பயத்தில் பெரும்பாலும் ஓரிரு நாளுக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆனால் கோவில் தொலைவில் இருந்தாலோ, பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்றாலோ, இடைவெளி வாரக்கணக்கில் போகும். இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்கள் பலவற்றில் ஞானஸ்நானத் தேதியையே பிறந்த தேதியாகப் போட்டிருப்பார்கள். இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதும் பழக்கம் முதல் நாளே வந்துவிட வேண்டும்.

இரண்டாவது, மாதப் பெயர். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தில் செப்டம்பரை முழுதாக எழுதாமல் '7ப்ர்' என்று சுருக்குவார்கள். பிரெஞ்சில் ஏழுக்கு 'செத்'; 'செத்' என்பதன் ஓசைக்காக 7 போடுகிறார்கள். அதே கணக்கில் '8ப்ர்' அக்டோபர், '9ப்ர்' நவம்பர், ரோமன் பத்தோடு 'ப்ர்' சேர்ந்தால் டிசம்பர். புதிதாகப் படிப்பவர் 7-ஐப் பார்த்ததும் ஜூலை என்று எழுதிவிடுவார். பிழை இரண்டு மாதம்தான் என்றாலும் திருமணத்துக்கு ஏழாவது மாதத்தில் குழந்தை பிறந்ததுபோல ஒரு பொய்க் கதை உருவாகிவிடும்.

மூன்றாவது, செத்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைக்கும் வழக்கம். ஒரே வீட்டில் 1712-ல் ஒரு மரி-ஜோசப், 1714-ல் இன்னொரு மரி-ஜோசப் இருப்பார்கள். முதல் பெண் கைக்குழந்தையாகவே செத்திருப்பாள். அடக்கப் பதிவைத் தேடாமல் முதல் பதிவை எடுத்துக்கொண்டால், பிழைத்து வளர்ந்து மணமான பெண்ணுக்கு இரண்டு வயது கூடிவிடும். பிறந்த பதிவு ஒன்று கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடாமல், அதே பெற்றோருக்கு அதே பெயரில் வேறு பிள்ளை உண்டா என்று முன்னும் பின்னும் பத்து ஆண்டுகளாவது புரட்ட வேண்டும்.

நான்காவது, குடும்பப் பெயர். கியூபெக்கில் பல குடும்பங்களுக்கு இரட்டைப் பெயர் உண்டு. படைவீரர்களாக வந்தவர்களுக்குப் பட்டப்பெயர் இருந்தது; அது குடும்பப் பெயரோடு 'தி', அதாவது 'என்கிற' என்று சேர்ந்துகொண்டது. ஊடோன் என்கிற பொலியோ என்றால், ஒரு மகன் ஊடோன் என்றும் அடுத்தவன் பொலியோ என்றும் பதிவாகலாம். இதை அறியாதவர் ஒரு குடும்பத்தை இரண்டாக உடைத்துவிடுவார்.

இத்தனை சிக்கலுக்கும் ஈடாக ஒரு பெரிய நன்மை உண்டு. கியூபெக் கோவில் பதிவுகளில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடே சாகும்வரை எழுதப்பட்டார்கள். திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவரின் பெற்றோர் பெயரும் இருக்கும். ஆங்கிலப் பதிவுகளில் "ஜான், மனைவி மேரி" என்று மட்டும் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். தாயின் வழியைப் பிடித்துத் தலைமுறை தலைமுறையாக ஏற முடிவது இதனால்தான்.

குடும்பத் தாள்: முடிச்சுப் போடும் முறை

பிரெஞ்சு ஆய்வாளர் லூயி ஆன்ரி 1950களில் வகுத்துக் கொடுத்த முறை எளிமையானது. ஒவ்வொரு பதிவையும் ஒரு சீட்டில் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு திருமணத்துக்கும் ஒரு பெரிய தாள் போட்டு, மேலே கணவன் மனைவியின் பிறப்பு, திருமணம், இறப்பு. கீழே பிள்ளைகள் பிறந்த வரிசை, ஒவ்வொருவரின் திருமணமும் இறப்பும். பக்கத்தில் முந்தைய பிள்ளைக்கும் இதற்கும் எத்தனை மாதம் என்ற கணக்கு. ஒரு தாள் எப்படிப் பேசும் என்று காட்ட, கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

திருமணம் 1722 ஜனவரி 12, திங்கட்கிழமை. முதல் பிள்ளை 1722 நவம்பர் 3. இரண்டாவது 1724 நவம்பர் 20. அது டிசம்பர் 2-ல் அடக்கம். மூன்றாவது 1726 ஜனவரி 5. நான்காவது 1728 பிப்ரவரி 10. ஐந்தாவது 1732 ஜூன் 18.

திருமணம் ஏன் ஜனவரியில்? கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்திலும், ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களான தவக்காலத்திலும் கோவிலில் திருமணம் நடக்காது. கோடையில் வயல் வேலை. ஆக நவம்பரும், ஜனவரி பிப்ரவரியும்தான் கல்யாண மாதங்கள். முதல் பிள்ளை திருமணத்திலிருந்து 295-வது நாள். ஏறத்தாழ 10 மாதம், வழக்கமானது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் 24 மாதத்துக்குச் சற்று மேல். அக்காலக் கியூபெக்கில் பொதுவாகக் காணப்படும் இடைவெளியே இதுதான், இரண்டு ஆண்டை ஒட்டி. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் கருத்தரிப்பு தள்ளிப்போவது இதற்கு முக்கியக் காரணம்.

இப்போது மூன்றாவது பிள்ளையைப் பாருங்கள். இடைவெளி பதின்மூன்றரை மாதம்தான். இரண்டாவது குழந்தை 12 நாளில் செத்தது, தாய்ப்பால் நின்றது, உடல் மறுபடி தயாரானது. அடக்கப் பதிவு தொலைந்திருந்தால்கூட, இந்தக் குறுகிய இடைவெளியே முந்தைய குழந்தை பிழைக்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் 52 மாதம். இங்கே கை நிற்க வேண்டும். 1730 வாக்கில் ஒரு பிள்ளை பிறந்து, ஞானஸ்நானப் பதிவு தொலைந்திருக்கலாம், குடும்பம் வேறு பங்குக்குப் போய் அங்கே பதிந்திருக்கலாம், கருச்சிதைவாக இருக்கலாம், கணவன் ரோமத் தோல் வணிகத்துக்காக மேற்கே போய் ஓரிரு ஆண்டு திரும்பாமல் இருந்திருக்கலாம். முதலில் பக்கத்துப் பங்குகளின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பிறகு பின்னாளில் இந்தப் பெற்றோரின் பெயர் சொல்லித் திருமணம் செய்துகொண்ட, பிறப்புப் பதிவில்லாத யாராவது உண்டா என்று பார்க்க வேண்டும். தொலைந்த பிள்ளைகள் பலர் கல்யாணத்தன்றுதான் திரும்பக் கிடைப்பார்கள்.

ஒரே ஒரு பங்கை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் ஊர் மாறாதவர்களின் வாழ்க்கை மட்டுமே தெரியும். ஊர் மாறியவர்கள் பாதியில் காணாமல் போவார்கள். ஐரோப்பாவில் இந்த முறையைக் கையாண்டவர்களுக்கு இது தீராத தலைவலியாக இருந்தது. கியூபெக்கில் முழுக் குடியேற்றத்தையும் ஒரே வலையில் பிடிக்க முடிந்தது. மொன்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 1966-ல் ஷார்போனோவும் ஜாக் லெகாரேயும் தொடங்கிய வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம், 1800-க்கு முந்தைய கத்தோலிக்கப் பதிவுகளைச் சேர்த்துப் பிணைத்திருக்கிறது. ஏழு லட்சத்தை ஒட்டிய பதிவுகள். கியூபெக்கின் ஷிக்கூட்டிமி நகரில் ஜெரார் பூஷார் 1972-ல் தொடங்கிய பால்சாக் தரவுத்தளம் பின்னைய காலத்துத் திருமணங்களையும் பரம்பரைகளையும் பிணைக்கிறது.

முடிச்சுகள் சேர்ந்தபோது தெரிந்தவை

1666-ல் நிர்வாக அதிகாரி ழான் தலோன் எடுத்த கணக்கெடுப்பில் குடியேறியவர்கள் 3,215 பேர். ஆண்கள் 2,034, பெண்கள் 1,181. பழங்குடி மக்களும் மன்னரின் படைவீரர்களும் அதில் சேரவில்லை. அடுத்த ஆண்டே மறுபடி எண்ணியபோது 3,918 வந்தது. பன்னிரண்டு மாதத்தில் அவ்வளவு பேர் வந்து இறங்கியிருக்க முடியாது. முதல் எண்ணிக்கையில் பலர் விடுபட்டிருந்தார்கள் என்பதே அதன் பொருள்.

பெண்கள் குறைவு என்பதால் 1663 முதல் 1673 வரை பிரான்சிலிருந்து மன்னரின் செலவில் எண்ணூறை ஒட்டிய இளம்பெண்கள் வந்தார்கள். 'மன்னரின் மகள்கள்' என்று அவர்களைச் சொல்வார்கள். பெரும்பாலோர் வந்த சில மாதங்களுக்குள் மணம் முடித்தார்கள். 1760-ல் குடியேற்றத்தின் தொகை 70,000-ஐ ஒட்டி இருந்தது. 94 ஆண்டில் ஏறத்தாழ 22 மடங்கு. கப்பலில் வந்து நிலையாகத் தங்கியவர்கள் மொத்தமே பத்தாயிரம் பேரளவுதான். மீதி எல்லாம் அங்கே பிறந்தவர்கள்.

காரணத்தைக் குடும்பத் தாள்களே காட்டுகின்றன. அங்கே பிறந்த பெண்கள் இருபதை ஒட்டிய வயதில் மணந்தார்கள், பிரான்சில் இருந்தவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்பாக. இரண்டு ஆண்டுக்கு ஒரு பிள்ளை என்றால் அந்தச் சில ஆண்டுகளே இரண்டு பிள்ளைகள் கூடுதலாகும். நிலம் தாராளமாகக் கிடைத்ததால் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டிய கட்டாயமில்லை. அதே சமயம் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அந்த இழப்பையும் தாங்கிக்கொண்டுதான் இந்தப் பெருக்கம். வளர்ச்சி விகிதத்தைக் கையாலேயே மதிப்பிட ஒரு வழி: 70-ஐ ஆண்டு வளர்ச்சிச் சதவீதத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டில் தொகை இரட்டிக்கும் என்று வரும். ஆண்டுக்கு 2.8 என்றால் 25 ஆண்டு.

சிறிய கூட்டத்திலிருந்து பெரிய சமூகம் வளரும்போது, முன்னோர் ஒருவரின் மரபணுவில் இருந்த குறை பல்லாயிரம் பேருக்குப் போய்ச் சேரும். 1838 முதல் ஷார்லவுவா பகுதியிலிருந்து சகெனே பள்ளத்தாக்குக்குக் குடும்பங்கள் போய்க் குடியேறின. இன்று அப்பகுதியில் டைரோசினீமியா என்ற பிறவி நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர். இன்னொரு எடுத்துக்காட்டு இன்னும் துல்லியமானது. இளம் வயதில் ஆண்களின் பார்வையைப் பறிக்கும் லெபர் நரம்பு நோய், தாய்வழியாக மட்டுமே இறங்கும். கியூபெக்கில் அதன் ஒரு வகையைத் தாய், தாயின் தாய் என்று பதிவேட்டில் பின்னோக்கி ஏறிப் போனபோது, 1669-ல் கியூபெக் நகரில் மணந்த மன்னரின் மகள் ஒருவரிடம் போய் நின்றது. பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதப்பட்டது எத்தனை பெரிய கொடை என்பது இங்கே விளங்கும்.

பதிவேட்டுக்கு வெளியே இருந்தவர்கள்

இத்தனை செழுமையும் கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு மட்டும் உரியது. குடியேற்றம் தொடங்கும் முன்பே அந்த மண்ணில் வாழ்ந்த மக்களில் பெரும்பாலோரின் பிறப்புகளை யாரும் பதிவேட்டில் எழுதவில்லை. 1634-க்கும் 1640-க்கும் இடையில் தொற்று நோய்களால் ஹூரான்-வென்டாட் மக்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். அதை மிஷனரிகளின் எண்ணிக்கைகளையும் தொல்லியலையும் கொண்டு மட்டுமே கணக்கிட முடிகிறது. அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் பதிவேட்டில் வருகிறார்கள். வரலாற்றாசிரியர் மார்செல் திருதெல் 4,000-க்கும் மேற்பட்டோரைத் தேடி எண்ணினார், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர். ஆனால் பெரும்பாலும் அவர்களுக்குப் பிறந்த தேதி இருக்காது. பெற்றோர் பெயர் இருக்காது. "சுமார் பத்து வயது" என்றிருக்கும். அவர்களுக்குக் குடும்பத் தாள் போட முடிவதில்லை. கியூபெக்கின் சராசரிகளைப் படிக்கும்போதெல்லாம் அது யாருடைய சராசரி என்று கேட்டுக்கொள்வது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம்.

இன்றைய நோவா ஸ்கோஷியாப் பகுதியில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களான அகாடியர்களின் நிலை வேறு. 1755-ல் ஆங்கிலேயர் அவர்களை நாடுகடத்தியபோது பல பங்குகளின் பதிவேடுகள் அழிந்தன. கிராண்ட்-ப்ரே கோவிலின் 1707 முதல் 1748 வரையிலான பதிவேடுகள் நாடு இழந்தவர்களோடு லூயிசியானாவரை போய்ப் பிழைத்தன. வீடும் நிலமும் விட்டுப் போகையில் பிறப்புப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போன மக்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலப் பகுதிகள்: நாட்காட்டியும் கணக்கெடுப்பும்

பிரான்ஸ் 1582-லேயே புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அதனால் கியூபெக் தேதிகள் எல்லாம் இன்றைய கணக்கே. பிரிட்டன் 1752-ல்தான் மாறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதற்கு முன் அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். 1749-ல் நிறுவப்பட்ட ஹாலிஃபாக்ஸில் "1750 பிப்ரவரி" என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1751 பிப்ரவரி. நாளும் 11 தள்ளிப்போகும். அண்ணனுக்கு இரண்டு மாதம் முன்பாகத் தம்பி பிறந்ததுபோலத் தோன்றினால் இந்த மாற்றத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒன்டாரியோவில் அரசு பிறப்புப் பதிவு 1869 ஜூலை 1-ல் தொடங்கியது. நோவா ஸ்கோஷியா 1864-ல் தொடங்கி, 1877-ல் நிறுத்தி, 1908-ல் மறுபடி தொடங்கியது. நாடு தழுவிய புள்ளிவிவர முறை 1921-ல் வந்தது. கியூபெக் அதில் 1926-ல் சேர்ந்தது. ஆகவே 1869-க்கு முன் ஒன்டாரியோவில் பிறந்தவரைத் தேடினால் கணக்கெடுப்புத் தாள்களே முதல் கதி. அங்கே பிறந்த தேதி கிடைக்காது, வயதுதான் கிடைக்கும். வயதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள்.

நம் பேச்சில் "முப்பது முடிந்து முப்பத்தொன்று நடக்கிறது" என்போம். 1851, 1861 கணக்கெடுப்புகள் கேட்டது அந்த நடப்பு வயதை. 1871 முதல் கேட்டது முடிந்த வயதை. 1861 கணக்கெடுப்பு ஜனவரி 14-ல் நடந்தது. அதில் 31 என்று இருந்தால், 1861-லிருந்து 31-ஐக் கழிக்க 1830. ஜனவரி முதல் இரு வாரத்தில் பிறந்தவர்களைத் தவிர எல்லோருக்கும் இது பொருந்தும். அதே ஆள், ஏப்ரல் 12-ல் பிறந்தவர், 1871 ஏப்ரல் 2 கணக்கெடுப்பில் 40 என்று இருப்பார். நேரடியாகக் கழித்தால் 1831 வந்துவிடும். ஏப்ரல் 2-க்குப் பிறகு பிறந்தநாள் வருபவர்களுக்கு, அதாவது ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு, இன்னும் ஒன்று கழிக்க வேண்டும். இன்னொரு பள்ளம்: '1851 கணக்கெடுப்பு' உண்மையில் தொடங்கியது 1852 ஜனவரியில். 1852-லிருந்து கழிக்க வேண்டும். கணக்கெடுத்தவரே நடப்பு வயதுக்குப் பதில் முடிந்த வயதை எழுதியிருக்கவும் கூடும். எனவே எப்போதும் இரு பக்கமும் ஓராண்டு இடம் விட்டுத் தேடுங்கள்.

1901 கணக்கெடுப்பு ஒரு பொக்கிஷம். பிறந்த நாள், மாதம், ஆண்டு, முடிந்த வயது எல்லாம் கேட்டது. 1911-ல் நாள் இல்லை; மாதமும் ஆண்டும் வயதும். 1921-ல் வெறும் வயது. 1901-ல் எழுதிய தேதியைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் நாளும் மாதமும் ஒத்துப்போய், ஆண்டு ஒன்றிரண்டு மாறியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பிறந்தநாள் வீட்டில் நினைவிருக்கும், ஆண்டு மங்கிவிடும். ஆகவே இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டால், பிறப்புக்கு நெருங்கிய காலத்தில் எழுதியதை ஆண்டுக்கு நம்புங்கள்.

வயதை உத்தேசமாகச் சொல்பவர்கள் 30, 35, 40 என்று முழு எண்ணில் போய் உட்காருவார்கள். ஒரு ஊரின் வயதுக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று உண்டு. 23 முதல் 62 வயதுவரை உள்ளவர்களை எண்ணுங்கள். 1,000 பேர் என்று வைப்போம். அதில் 0 அல்லது 5-ல் முடியும் வயதுக்காரர்கள் ஐந்தில் ஒரு பங்கு, 200 பேர் இருக்க வேண்டும். 260 பேர் இருந்தால், 260-ஐ 200-ஆல் வகுத்து நூறால் பெருக்க 130. குறியீடு 105-க்குள் என்றால் மிக நம்பகமானது. 125-ஐத் தாண்டினால் தனித்தனி வயதுகளை வைத்து எதுவும் சொல்லாமல் பத்து பத்து ஆண்டாகச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வயதுக்குச் சான்று என்ற பேச்சு சாதாரணக் குடும்பங்களில் உரக்கக் கேட்டது 1927-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது. 70 வயது ஆனதை நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத மாகாணங்களில் பிறந்தவர்கள் குடும்ப பைபிளின் முதல் பக்கத்தையும் ஞானஸ்நானச் சீட்டையும் பழைய கணக்கெடுப்பில் தங்கள் பெயர் இருந்த வரியையும் ஆதாரமாகக் கொண்டுவந்தார்கள். தாமதப் பிறப்புப் பதிவு என்று தனிக் கோப்பு பல மாகாணங்களில் உண்டு. 1869-க்கு முன் பிறந்தவர்கள்கூட அதில் கிடைப்பார்கள். தேடுபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

சரியாக முடிச்சுப் போட்டால்

ஜூபேரின் 113 கலைந்துபோனது. ஆனால் அதே முறையால் உறுதியான வயதும் உண்டு. மரி-லூயிஸ் மெயேர் 1880 ஆகஸ்ட் 29-ல் கியூபெக்கின் கமுராஸ்காவில் பிறந்தார். 1998 ஏப்ரல் 16-ல் ஒன்டாரியோவின் கோர்பேயில் இறந்தார். 117 வயது, 230 நாள். ஞானஸ்நானம், திருமணங்கள், பிள்ளைகள் பிறந்த தேதிகள், கணக்கெடுப்பு எல்லாம் ஒரே ஆளைக் காட்டுகின்றனவா, அதே பெயரில் செத்துப்போன அக்காள் உண்டா என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே இப்படிப்பட்ட வயதை ஏற்பார்கள்.

இன்றைய எண்களும் பிறந்த தேதிகளிலிருந்தே வருகின்றன. ஒவ்வொரு வயதுப் பெண்களுக்கும் அந்த ஆண்டில் பிறந்த குழந்தைகளின் விகிதத்தைக் கூட்டினால், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்ற மொத்தக் கருவள விகிதம் கிடைக்கும். போருக்குப் பின் 1946 முதல் 1965 வரை நீண்ட குழந்தைப் பெருக்கத்தில், 1959-ல் அது 3.94. 2023-ல் 1.26.

கணக்கெடுப்பில் தனிப்பட்டவர்களின் பெயரும் தேதியும் 92 ஆண்டு கழித்தே வெளிவரும். 2005-ல் திருத்தப்பட்ட சட்டம் அப்படிச் சொல்கிறது. 1931 கணக்கெடுப்பு 2023 ஜூனில் திறந்தது; 1941 கணக்கெடுப்பின் முறை 2033-ல். 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள், அந்த ஆண்டு ஜூனில் எடுத்த கணக்கெடுப்பில் இல்லை. 1991-ல்தான் அவர்கள் முதன்முறையாக எண்ணப்பட்டிருப்பார்கள். அந்த ஆண்டுப் படிவம் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கேட்டது. அது திறக்கும் ஆண்டு 2083.